நடுத்தர விலையில் கிளாசிக்கல் கிட்டார்: வாசித்துப் பார்ப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

பெங்களூரில் நைலான் தந்தி போட்ட கிளாசிக்கல் கிட்டார் வாங்கப் போகிறவர்களுக்குத் துணைக்குப் போவது என் சனிக்கிழமை வேலைகளில் ஒன்றாகிவிட்டது. அலுவலக நண்பர்கள், அல்சூரில் பக்கத்து வீட்டுப் பையன், கிரேடு பரீட்சைக்குத் தயாராகும் பிள்ளைகளின் அப்பாக்கள் என்று பலரோடு போயிருக்கிறேன். கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். கடைக்குள் நுழைந்ததும் வாசித்துப் பார்க்கிறார்கள், ஒன்று மனசுக்குப் பிடித்துப்போகிறது, அதற்கப்புறம்தான் குறை தேடுகிறார்கள். பிடித்துப்போன பொருளில் குறை கண்ணில் படுமா?

அதனால் இங்கே வரிசையே வேறு. முதலில் கண், பிறகு அளவுகோல், பிறகு சுதி, கடைசியில்தான் காது. ஒவ்வொரு படியிலும் ஒரு கேள்வி கூடவே வரும்: இந்தக் குறையைப் பிறகு சரி செய்ய முடியுமா, முடியாதா? தந்தியை மாற்றலாம், தந்திகளைத் தாங்கும் சேடில் பட்டையைத் தேய்க்கலாம். மேல்பலகையையும் கழுத்தையும் மாற்ற முடியாது. நீங்கள் காசு கொடுப்பது அந்த மாற்ற முடியாத பகுதிக்குத்தான்.

நடுத்தர விலை என்று இங்கே சொல்வது சுமார் 20,000 முதல் 60,000 ரூபாய் வரை. யமஹாவின் சிஜி வரிசை, கோர்டோபாவின் சி5 போன்றவை இந்த வட்டத்துக்குள் வரும். முதன்முதலாகக் கற்றுக்கொள்ளப் போகிறவருக்கு யமஹா சி40 மாதிரி ஒன்றே போதும், இவ்வளவு பாடு வேண்டாம். ஓராண்டாவது வாசித்துவிட்டு அடுத்த படிக்குப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

1. கிளம்புவதற்கு முன் பையில் இருக்க வேண்டியவை

அரை மில்லிமீட்டர் கோடு போட்ட ஸ்டீல் ஸ்கேல் ஒன்று. ஃபோனில் சென்ட் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு) அளவு காட்டும் டியூனர் ஆப். டார்ச்சும் ஃபோனிலேயே இருக்கிறது. ஒரு சின்ன முகக்கண்ணாடி, ஒரு துண்டு மெல்லிய காகிதம், பேனா. முடிந்தால் நீங்கள் இப்போது வாசிக்கும் பழைய கிட்டாரையும் எடுத்துக்கொண்டு போங்கள். கடையின் அறை ஒலியை எவ்வளவு மாற்றுகிறது என்பதை அளக்க அதைவிட நல்ல கருவி கிடையாது. வீட்டில் தெரிந்த ஒலி கடையில் எப்படிக் கேட்கிறது என்று ஒரு நிமிஷம் வாசித்தால் காது சரியாகிவிடும்.

நகத்தை முந்தின நாளே வழக்கம்போலச் சீவிவிடுங்கள். கரடுமுரடான நகத்தோடு போனால் எல்லாக் கிட்டாரும் கீச்சென்றுதான் இருக்கும்.

வாசிக்கப்போகும் இசைத் துண்டையும் முடிவு செய்துவிடுங்கள். எட்டு பார் (தாள அளவு) போதும், தூக்கத்திலும் வாசிக்கத் தெரிந்ததாக இருக்கட்டும். கஷ்டமான துண்டை எடுத்தால் கவனம் முழுக்க விரலுக்குப் போய்விடும், காதுக்கு ஒன்றும் மிஞ்சாது.

வார நாளில், கடை திறந்த உடனே போங்கள். சனிக்கிழமை சாயங்காலம் பக்கத்தில் ஒருவர் டிரம்ஸ் தட்டிக்கொண்டிருப்பார், வெளியே ஹாரன் சத்தம் வேறு. நான் சனிக்கிழமை போவது எனக்கு வேறு நாள் கிடைக்காததால். அதுவும் காலை பத்தரைக்கே போய் வாசலில் நிற்பேன்.

2. முதலில் ஃபோன், பிறகு நேரில்

கடைக்கு ஃபோன் செய்து இரண்டு விஷயம் கேளுங்கள். முதலாவது, அந்த மாடல் கையில் இருக்கிறதா, இருந்தால் எத்தனை? ஒரே மாடலில் இரண்டு இருந்தால் அதிர்ஷ்டம். மரம் மரத்துக்கு மாறும், ஒரே மாடல் எண் போட்ட இரண்டு கிட்டார் ஒரே மாதிரி ஒலிக்காது.

இரண்டாவது, தந்தி எப்போது மாட்டியது? பதில் பெரும்பாலும் “புதுசுதான் சார்” என்றுதான் வரும். கிட்டார் கடையில் ஓர் ஆண்டு தொங்கியிருந்தால், செம்புக் கம்பி சுற்றிய மூன்று கீழ்ஸ்தாயித் தந்திகளும் கறுத்துப்போய் மொத்தையாக ஒலிக்கும். நைலான் தந்தியை அங்கேயே மாற்றிக் கேட்கவும் முடியாது. புது நைலான் இழுபட்டு நிலைக்க மூன்று நான்கு நாள் ஆகும், அதுவரை சுதி இறங்கிக்கொண்டே இருக்கும்.

ஆகவே வாங்குவதில் உறுதியாக இருந்தால், “திங்கட்கிழமை புதுத் தந்தி மாட்டி வையுங்கள், தந்திக்கு நான் காசு தருகிறேன், வெள்ளிக்கிழமை வருகிறேன்” என்று சொல்லிப் பாருங்கள். டி’அடாரியோ ஈஜே45 மாதிரி ஒரு நார்மல் டென்ஷன் (நடுத்தர இழுவை) செட் போதும். மறுக்கிற கடைகளும் உண்டு. மறுத்தால் கறுத்த தந்தியோடுதான் கேட்க வேண்டியிருக்கும், அதற்கும் வழி பின்னால் வருகிறது.

3. காசு எங்கே போகிறது என்று பிரித்துப் பாருங்கள்

இந்த விலைக்குள் முதலில் பார்க்க வேண்டியது மேல்பலகை ஒரே மரப்பலகையா, ஒட்டுப்பலகையா என்பது. தந்தியின் அதிர்வை வாங்கிக் காற்றில் தள்ளுவது மேல்பலகைதான். ஒட்டுப்பலகையில் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருப்பதால் அது விறைப்பாக இருக்கும், அதிர்வைச் சீக்கிரம் தின்றுவிடும்.

பக்கப்பலகையும் முதுகுப்பலகையும் ஒட்டுப்பலகையாக இருந்தால் பரவாயில்லை. ‘ரோஸ்வுட்’ என்ற சொல்லைப் பார்த்து மயங்காதீர்கள். அது நம் ஈட்டி மரம்தான். குடகிலும் வயநாட்டிலும் நீலகிரிச் சரிவிலும் வளர்வது, உலகம் முழுக்கக் கிட்டார் செய்கிறவர்கள் தேடி வாங்குவது. ஆனால் இந்த விலையில் பெரும்பாலும் மேலே ஒரு மெல்லிய ஈட்டித் தோல் மட்டும்தான் இருக்கும், உள்ளே வேறு மரம். கண்ணுக்கு அழகு, காதுக்குக் கொஞ்சம்.

பிக்கப் (ஒலியை ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் கருவி), கட்டவே (கை மேலே எட்ட உடம்பின் ஓரத்தில் வெட்டிய வளைவு), உடம்பு முழுக்கப் பளபளப்பு என்று ஒவ்வொன்றும் சேரச் சேர, அதே விலையில் மரத்துக்குப் போகும் பங்கு குறையும். மேடையில் மைக் இல்லாமல் வாசிக்க முடியாத ஆள் என்றால் பிக்கப் வாங்குங்கள். வீட்டிலும் பரீட்சையிலும் வாசிப்பவருக்கு அது வீண் செலவு. என் முதல் ‘நல்ல’ கிட்டார் பிக்கப் வைத்த கட்டவே. நான்கு வருஷத்தில் கேபிள் செருகியது இரண்டே தடவை.

பட்ஜெட்டில் நாலாயிரம் ரூபாயைத் தொடாமல் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு செட் தந்தி, சேடில் சரி செய்யும் கூலி, பரவாயில்லாத ஒரு பை ஆகியவற்றுக்கு அது வேண்டும். மொத்தக் காசையும் கிட்டாரில் போட்டுவிட்டு, விரல் வலிக்கும் உயரத்திலேயே ஆறு மாதம் வாசித்தவர்களை எனக்குத் தெரியும்.

4. கையில் எடுத்ததும் வாசிக்காதீர்கள், பாருங்கள்

முதலில் கேட்டதைத்தான் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். கிளாசிக்கல் கிட்டாரில் நட்டின் (தலைப்பக்கம் தந்திகள் படியும் பட்டை) அகலம் 52 மி.மீ. வாக்கில் இருக்கும், நட்டிலிருந்து சேடில் வரை 650 மி.மீ., கழுத்து உடம்போடு சேரும் இடம் 12வது ஃப்ரெட் (விரல்பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கோடு). நைலான் தந்தி போட்டிருந்தாலும் கழுத்து ஒடுங்கிய கலப்பு வகைகள் வருகின்றன. எலெக்ட்ரிக்கிலிருந்து வருபவருக்கு அது சுலபமாக இருக்கும், கிளாசிக்கல் பயிற்சிக்கு விரல்கள் முட்டிக்கொள்ளும். உங்கள் கை ரொம்பச் சின்னது என்றால் 640 அல்லது 630 மி.மீ. நீளம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

அடுத்து ஒலித்துளையின் விளிம்பில் டார்ச் அடியுங்கள். மேல்பலகையின் மெல்லிய ரேகைகள் விளிம்பில் மடங்கி அப்படியே கீழே இறங்கினால் அது ஒரே பலகை. விளிம்பில் சாண்ட்விச் மாதிரி அடுக்கு தெரிந்தால் ஒட்டுப்பலகை. சில கிட்டார்களில் விளிம்பை மையோ பட்டையோ பூசி மறைத்திருப்பார்கள். அப்போது நிறுவனத்தின் விவரத்தாளில் ‘சாலிட்’ என்ற சொல் மேல்பலகைக்கு எதிரே இருக்கிறதா என்று பாருங்கள். வெறுமனே ‘ஸ்ப்ரூஸ் டாப்’ (ஸ்ப்ரூஸ் மர மேல்பலகை) என்று மட்டும் இருந்தால் ஒட்டுப்பலகை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

பிரிட்ஜின் (மேல்பலகையில் ஒட்டிய, சேடிலைத் தாங்கும் கட்டை) பின்விளிம்பில் காகிதத் துண்டைச் செருகிப் பாருங்கள். உள்ளே போனால் பிரிட்ஜ் தூக்கிக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மேல்பலகையில் கீழ்ப்பாதி லேசாகப் புடைத்திருப்பது சகஜம். ஒலித்துளைக்கும் பிரிட்ஜுக்கும் நடுவே பள்ளம் விழுந்திருந்தால் அது நல்ல அறிகுறி அல்ல.

கழுத்தின் இரு ஓரத்திலும் விரலை நட்டிலிருந்து உடம்புவரை வழித்துப் பாருங்கள். ஃப்ரெட் நுனிகள் ரம்பம் மாதிரி நெருடினால், மரம் காய்ந்து சுருங்கியிருக்கிறது, உலோகம் சுருங்கவில்லை. சென்னை, மும்பை மாதிரி ஈரமான ஊரிலிருந்து வந்த கிட்டார் பிப்ரவரி, மார்ச் மாதப் பெங்களூரில் இப்படித்தான் ஆகும். நுனியைத் தேய்த்துச் சரி செய்துவிடலாம். ஆனால் இவ்வளவு காய்ந்த கிட்டாரில் விரிசலும் இருக்கலாம். பிரிட்ஜிலிருந்து கீழ்நோக்கியும், விரல்பலகையின் இரு ஓரத்தை ஒட்டியும் ரேகை வாக்கில் மெல்லிய கீறல் இருக்கிறதா என்று வெளிச்சத்தைச் சாய்த்துப் பாருங்கள்.

கடைசியாகத் தட்டுங்கள். தந்திகளை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு, மேல்பலகை, முதுகு இரண்டையும் விரல் மூட்டால் மெதுவாக இடம் இடமாகத் தட்டுங்கள். பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்போமே, அதேதான். ஓர் இடத்தில் மட்டும் சலசலவென்று வந்தால் உள்ளே பலகையைத் தாங்கும் பட்டை ஒன்று ஒட்டு விட்டிருக்கிறது. கண்ணாடியை உள்ளே விட்டு அந்த இடத்தைப் பாருங்கள்.

5. தந்தி உயரத்தையும் சேடிலையும் அளங்கள்

12வது ஃப்ரெட்டின் தலையிலிருந்து தந்தியின் அடிவரை அளக்க வேண்டும். மிகக் கீழ்ஸ்தாயியில் ஒலிக்கும் ஆறாம் தந்திக்கு 4 மி.மீ., மிக மேல்ஸ்தாயியில் ஒலிக்கும் முதல் தந்திக்கு 3 மி.மீ. என்பது வழக்கமான அளவு. அரை மி.மீ. கூடக் குறைய இருக்கலாம். புதுக் கிட்டார்கள் பெரும்பாலும் உயரமாகத்தான் வரும். அது குறையல்ல, தேய்த்துக்கொள்ள இடம் விட்டிருக்கிறார்கள்.

அந்த இடம் உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முக்கியம். 12வது ஃப்ரெட் தந்தியின் பாதி வழி. ஆகவே அங்கே 1 மி.மீ. இறங்க வேண்டுமானால் சேடிலில் 2 மி.மீ. தேய்க்க வேண்டும். தந்தி உயரம் 5 மி.மீ. இருக்கிறது, சேடில் பிரிட்ஜுக்கு மேலே 2 மி.மீ. மட்டுமே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். தேய்த்தால் சேடிலே காணாமல் போய்விடும், தந்தி பிரிட்ஜின் மேல் தட்டையாகப் படுத்து ஒலியும் செத்துவிடும்.

நான் வாங்கிய அந்தக் கட்டவேயில் இதேதான் நடந்தது. “செட்டப் பண்ணினால் சரியாகிவிடும் சார்” என்று கடையில் சொன்னார்கள், நம்பினேன். பழுது பார்ப்பவர் சேடிலைப் பார்த்துவிட்டுச் சொன்னது: “இதுல தேய்க்க என்ன இருக்கு? கழுத்தோட கோணமே தப்பு. வாங்கும்போது யாரையாவது கேட்டிருக்கலாமேப்பா.” கழுத்தைக் கழற்றித் திரும்ப ஒட்டும் செலவு கிட்டார் விலையில் பாதி. உயரம் அதிகம், சேடில் குட்டை என்ற இரண்டும் சேர்ந்து வந்தால் வாங்காதீர்கள். ஒலி எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி.

கழுத்தின் வளைவைப் பார்க்க, ஆறாம் தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் 12வது ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அமுக்குங்கள். நடுவில், 6வது 7வது ஃப்ரெட் பக்கம், ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற அளவு இடைவெளி இருந்தால் நல்லது. சுத்தமாக இடைவெளி இல்லையென்றால் தந்தி இரையும். நிறைய இருந்தால் கழுத்து முன்னால் வளைந்திருக்கிறது. பல கிளாசிக்கல் கிட்டார்களில் கழுத்துக்குள் டிரஸ் ராட் என்ற உலோகக் கம்பி கிடையாது, திருகிச் சரி செய்ய முடியாது. கோர்டோபாவில் உண்டு.

6. சுதி சேர்த்துப் பாருங்கள்

நீங்களே சுதி சேருங்கள், கடைக்காரரிடம் விடாதீர்கள். முறுக்காணி வழுக்காமல், ‘டக்’கென்று தாவாமல் திரும்புகிறதா என்று கைக்குத் தெரிந்துவிடும். ஆனால் இது மாற்றக்கூடிய பொருள், இதற்காக நல்ல கிட்டாரை விடாதீர்கள்.

பிறகு ஒவ்வொரு தந்தியிலும் 12வது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே விரலை லேசாக வைத்து மணி மாதிரி வரும் ஹார்மானிக்கைக் கேளுங்கள், அடுத்து அதே ஃப்ரெட்டை அமுக்கி வாசியுங்கள். டியூனரில் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். 5 சென்ட் வரை வித்தியாசம் பரவாயில்லை. ஒரு தந்தி மட்டும் விலகினால் தந்தியின் கோளாறாக இருக்கும், வெறும் நைலான் சீராக இல்லாமல் வருவது உண்டு. ஆறும் ஒரே பக்கமாக 10 சென்ட்டுக்கு மேல் ஏறியிருந்தால், தந்தி உயரம் அதிகம் அல்லது சேடில் தப்பான இடத்தில் இருக்கிறது. முந்தின படியில் உயரம் சரி என்று அளந்திருந்தீர்கள் என்றால் மிச்சம் இருப்பது இரண்டாவதுதான். அளவுகோல் முதலில், சுதி பிறகு என்று வரிசை வைத்திருப்பது இதனால்தான்.

அமுக்கும்போது தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துவிடாதீர்கள். புதியவர்கள் படபடப்பில் இழுத்துவிட்டு, நல்ல கிட்டாரைச் சுதி சேரவில்லை என்று ஒதுக்குவதைப் பார்த்திருக்கிறேன்.

7. ஒவ்வொரு ஃப்ரெட்டாக நடங்கள்

பொறுமை வேண்டிய படி இது. ஆறு தந்தியிலும் திறந்த ஒலியிலிருந்து 12வது ஃப்ரெட்வரை ஒவ்வொரு சுரமாக, ஒரே பலத்தில் வாசிக்க வேண்டும். ஐந்து நிமிஷம் ஆகும். கடைப்பையன் கொட்டாவி விடுவான், விடட்டும்.

கேட்க வேண்டியவை மூன்று. ஈ பறப்பது போல இரைச்சல், திடீரென்று செத்துப்போகும் சுரம், திடீரென்று வீங்கி உடனே அடங்கும் சுரம்.

இரைச்சல் வந்தால் அவசரப்பட்டுக் கிட்டாரைக் குறை சொல்லாதீர்கள். பிரிட்ஜில் வெட்டாமல் விட்ட தந்தி நுனி மேல்பலகையைத் தொடுகிறதா, உங்கள் சட்டைப் பொத்தான் முதுகில் உரசுகிறதா, பக்கத்தில் மாட்டியிருக்கும் இன்னொரு கிட்டார் கூட அதிர்கிறதா என்று பாருங்கள்.

செத்த சுரமும் வீங்கும் சுரமும்தான் மாற்ற முடியாத குறைகள். காரணம் எளிது. பெட்டிக்குள் இருக்கும் காற்றுக்கு ஒரு சொந்தச் சுதி உண்டு, பெரும்பாலும் 90லிருந்து 110 ஹெர்ட்ஸுக்குள். ஆறாம் தந்தியில் 2வது முதல் 5வது ஃப்ரெட் வரை உள்ள இடம் அது. மேல்பலகைக்கு இன்னொரு சுதி, 200 ஹெர்ட்ஸ் பக்கத்தில். மூன்றாம் தந்தியைத் திறந்து மீட்டினால் 196, முதல் ஃப்ரெட்டில் சுமார் 208, இரண்டாவதில் 220. நீங்கள் வாசிக்கும் சுரம் இந்தச் சுதிகளில் ஒன்றோடு அச்சாகப் பொருந்திவிட்டால், தந்தியின் சக்தி முழுவதையும் பெட்டி ஒரே மூச்சில் குடித்துவிடும். ‘பொம்’ என்று வீங்கி, அடுத்த நொடி ஒன்றுமில்லை.

எல்லாக் கிட்டாரிலும் இது கொஞ்சமாவது இருக்கும். லேசாக இருந்தால் விரல் பழகிக்கொள்ளும். அந்த இடங்களில் மட்டும் திரும்பத் திரும்ப வாசித்து, முன்னும் பின்னும் இருக்கும் சுரத்தோடு ஒப்பிடுங்கள். ஒரு சுரம் பாதி நேரத்தில் அணைந்தால், அதுவும் திறந்த மூன்றாம் தந்தி மாதிரி எல்லாப் பாட்டிலும் வரும் சுரமாக இருந்தால், வேண்டாம்.

காற்றின் சுதியைக் கண்டுபிடிக்க ஒரு விளையாட்டு வழி உண்டு. தந்திகளை அமுக்கிக்கொண்டு, ஒலித்துளைக்கு அருகே வாயைக் கொண்டுபோய், அடிக்குரலில் ‘ம்ம்ம்’ என்று மெல்ல ஏற்றி இறக்குங்கள். ஒரு சுதியில் முதுகுப்பலகை உங்கள் வயிற்றில் திடீரென்று அதிரும். கடையில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், அது வேறு விஷயம்.

8. இப்போதுதான் காது

இதுவரை தேறியவை இரண்டோ மூன்றோ இருக்கும். அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் கீழ்ஸ்தாயியில் மயங்காதீர்கள். ஆறாம் தந்தி ‘தும்’ என்று அதிர்ந்தால் எல்லோருக்கும் பிடிக்கும், விற்பவரும் அதைத்தான் வாசித்துக் காட்டுவார். கீழ்ஸ்தாயியைத் திருப்தியாகக் கொடுப்பது மலிவான கிட்டாருக்கும் முடியும். அதோடு அந்த மூன்று தந்திகளின் ஒலி தந்தியின் வயசைப் பொறுத்து நாளுக்கு நாள் மாறும். மேல்ஸ்தாயியின் மூன்று வெறும் நைலான் தந்திகள் அவ்வளவு சீக்கிரம் கெடுவதில்லை. ஆகவே கடையில் கறுத்த தந்தியோடு கேட்க நேர்ந்தால், கீழ் மூன்றை மறந்துவிட்டு மேல் மூன்றை வைத்து முடிவு செய்யுங்கள்.

இந்த விலையில் கிட்டாருக்குக் கிட்டார் வித்தியாசம் தெரியும் இடம் முதல் தந்தியின் 5வது ஃப்ரெட்டிலிருந்து 12வது வரை. மெட்டு பாடுவது பெரும்பாலும் அங்கேதான். ஒரு சுரத்தை மீட்டி, மனசுக்குள் எண்ணுங்கள். இரண்டாவது கிட்டாரிலும் அதே சுரம், அதே எண்ணிக்கை. மோசமான கிட்டாரில் சுரம் ‘டொக்’ என்று கட்டையைத் தட்டியது போல விழும். நல்லதில் மீட்டிய பிறகும் சுரம் கொஞ்சம் மலரும், வைப்ராட்டோ கொடுக்க நேரம் இருக்கும். உங்கள் துண்டில் மெட்டு மேலே போகும் இடம் இருந்தால் அதை மூன்று தடவை வாசியுங்கள்.

மூன்றாம் தந்தி எல்லாக் கிட்டாரிலும் கொஞ்சம் கம்மலாகத்தான் இருக்கும், தடித்த நைலானின் குணம் அது. கார்பன் தந்தி போட்டால் தெளியும். அதற்காக மதிப்பெண் குறைக்காதீர்கள்.

அடுத்து நிறம். ஒரே சுரத்தை ஒலித்துளைக்கு மேலே, விரல்பலகையின் நுனியில் வாசியுங்கள், பிறகு பிரிட்ஜை ஒட்டி வாசியுங்கள். முதலாவது வெண்ணெய் மாதிரி, இரண்டாவது தகரம் மாதிரி வர வேண்டும். இரண்டும் ஏறத்தாழ ஒன்று போலவே இருந்தால் அந்தக் கிட்டாருக்கு ஒரே குரல்தான். ஓராண்டில் அலுத்துவிடும்.

மென்மையாகவும் வாசித்துப் பாருங்கள், மிக மென்மையாக. புதியவர்கள் கடையில் பலமாக மட்டுமே வாசிக்கிறார்கள். பலமாக அடித்தால் எல்லாம் ஒலிக்கும். நகத்தால் தொட்டும் தொடாமலும் மீட்டும்போது சுரம் முழுசாக எழுந்து வருகிறதா என்பதுதான் மேல்பலகையின் தரம். பிறகு நான்கு விரலில் உடைத்து வாசிக்கும் ஆர்பெஜியோ ஒன்று. ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாகக் காதில் விழ வேண்டும், கூழாகக் கலக்கக் கூடாது.

கடைசியில் கிட்டாரை வேறொருவர் கையில் கொடுத்து, பத்தடி தள்ளி நின்று கேளுங்கள். கிட்டார் முன்பக்கம்தான் பாடுகிறது, வாசிப்பவரின் காது பக்கவாட்டில் இருக்கிறது. மடியில் பெரிதாகக் கேட்பது எதிரே போய்ச் சேராமல் இருக்கலாம்.

பக்கத்து வீட்டுப் பையனுக்கு வாங்கப் போனபோது அவனையும் அவன் அப்பாவையும் சுவரைப் பார்த்து நிற்க வைத்தேன். மூன்று கிட்டாரில் அதே எட்டு பார். விலை அட்டை கண்ணில் படாமல் கேட்பதற்காகத்தான்.

“சார், ரெண்டாவதுதான் விலை ஜாஸ்தி, கரெக்டா?” என்றார் அப்பா.

“விலைய விடுங்க. எது நல்லா இருந்துச்சு?”

“மூணாவது,” என்றான் பையன். “அது பாடுற மாதிரி இருக்குண்ணா. ரெண்டாவது கத்துது.”

வரிசையை மாற்றி மறுபடியும் வாசித்தேன். பையன் அதே கிட்டாரைச் சொன்னான். அப்பா இந்தத் தடவை வேறு ஒன்றைச் சொன்னார். மூன்றாம் தடவை ஒரு லாரி போய்க் காரியத்தைக் கெடுத்தது. பையன் இரண்டு தடவை சொன்னதையே எடுத்தோம். மூன்றில் அது நடுவிலை.

9. ஸ்ப்ரூஸா, சீடரா?

மேல்பலகைக்கு இந்த இரண்டு மரத்தில் எது நல்லது என்று மணிக்கணக்காக விவாதிப்பார்கள், நான் இரண்டு பத்தியில் முடிக்கிறேன். வெளிர் நிற ஸ்ப்ரூஸ் தெளிவாக, கணீரென்று இருக்கும், வாசிக்க வாசிக்கச் சில ஆண்டுகளில் இளகும். பழுப்புச் சிவப்பான சீடர் முதல் நாளிலிருந்தே இதமாக, கதகதப்பாக இருக்கும். அது மென்மையான மரம், நகம் பட்டால் தழும்பு விழும். யமஹாவில் சிஜி122எம்எஸ் ஸ்ப்ரூஸ், சிஜி122எம்சி சீடர், மற்றபடி கிட்டத்தட்ட ஒரே கிட்டார். இரண்டும் ஒரே கடையில் கிடைத்தால் பத்து நிமிஷத்தில் உங்கள் காது எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை: கடையில் சீடர்தான் ஜெயிக்கும். முதல் நாள் இனிமை அதற்கு அதிகம். ஸ்ப்ரூஸ் கொஞ்சம் இறுக்கமாகத் தோன்றினால் அதற்காக மட்டும் அதை ஒதுக்காதீர்கள்.

10. பேரம்

இப்போது குறைகளை இரண்டாகப் பிரியுங்கள். பழைய தந்தி, நெருடும் ஃப்ரெட் நுனி, உயரமான சேடில், இறுகிய முறுக்காணி ஆகியவை பேரத்துக்கு உதவும். “இதையெல்லாம் சரி செய்து கொடுங்கள், இந்த விலைக்கு எடுத்துக்கொள்கிறேன்” என்று கேளுங்கள். வெறுமனே விலையைக் குறைக்கச் சொல்வதைவிட இதற்குக் கடைக்காரர்கள் சீக்கிரம் ஒத்துக்கொள்கிறார்கள். செட்டப் முடிந்த பிறகு வந்து 12வது ஃப்ரெட்டை அளந்துவிட்டுத்தான் மிச்சப் பணம். கழுத்துக் கோணம், விரிசல், பிரிட்ஜ், செத்த சுரம் ஆகியவற்றுக்குப் பேரமே கிடையாது.

கடை சுவரிலிருந்து எடுத்துக் காட்டிய கிட்டாரைத்தான் நீங்கள் வாங்க வேண்டும். “உள்ளே பெட்டி பிரிக்காத புதுசு இருக்கு சார்” என்பார்கள். இரண்டு மணி நேரம் நீங்கள் பரிசோதித்தது அந்தப் பெட்டியை அல்லவே. பில்லில் வரிசை எண்ணை எழுதச் சொல்லுங்கள்.

பழைய கிட்டாருக்கும் எல்லாப் படிகளும் அப்படியே பொருந்தும். கூட ஒரு கேள்வி: இதில் எப்போதாவது ஸ்டீல் கம்பி போட்டிருந்தார்களா? நைலான் செட்டின் மொத்த இழுவை 40 கிலோ வாக்கில், ஸ்டீல் செட் 70 கிலோவைத் தாண்டும். கிளாசிக்கல் மேல்பலகை அதைத் தாங்காது. சேடிலிலும் நட்டிலும் மெல்லிய ஆழமான வெட்டு இருந்தால் சந்தேகப்படுங்கள்.

11. வீட்டுக்கு வந்த முதல் இரண்டு வாரம்

எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் சில நூறு ரூபாய்க்கு ஈரப்பதம் காட்டும் டிஜிட்டல் கடிகாரம் கிடைக்கும். கிட்டார் இருக்கும் அறையில் வையுங்கள். 45லிருந்து 55 சதவீதம் உத்தமம். பெங்களூரில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை பிற்பகலில் 30க்குக் கீழே போகும் நாட்கள் உண்டு. கிட்டாரைச் சுவரில் மாட்டாமல் பெட்டிக்குள் வையுங்கள். சோப்பு டப்பாவில் ஓட்டை போட்டு, நனைத்து நன்றாகப் பிழிந்த ஸ்பாஞ்சை உள்ளே வைத்து, தந்தி முறுக்காணிப் பக்கம் பெட்டிக்குள் போட்டால் போதும். சொட்டக் கூடாது. மழைக்காலம் வந்ததும் எடுத்துவிட மறக்காதீர்கள். ஒருவர் மறந்து ஆகஸ்டில் பூஞ்சைக் காளான் வளர்த்தார்.

புதுத் தந்தி மாட்டியிருந்தால் நான்கு நாள் சுதியைப் பற்றிக் கவலைப்படாமல் வாசியுங்கள். ஐந்தாம் நாள் 12வது ஃப்ரெட் உயரத்தையும் சுதியையும் மறுபடி அளந்து, பில்லின் பின்னால் தேதியோடு எழுதி வையுங்கள். பத்தாம் நாள் ஒரு தடவை, ஒரு மாதம் கழித்து ஒரு தடவை. அரை மி.மீ.க்கு மேல் ஏறியிருந்தால் கழுத்தோ மேல்பலகையோ நகர்கிறது. வாரண்டி அட்டையும் அந்த எண்களும் கையில் இருக்கும்போதே கடைக்குத் திரும்பக் கொண்டு போங்கள்.